பக்கத்து வளவின் காற்றுத் துவக்கு

டோர்ட்மண்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்வளவுக்கும் பக்கத்து வீட்டின் பின்வளவுக்கும் நடுவே ஆளுயரத்தில் ஒரு பச்சைச் செடி வேலி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஜெர்மன்காரர். நல்ல மனிதர். பனி கொட்டினால் எங்கள் வாசலையும் சேர்த்துத் துப்புரவாக்கிவிடுவார். அவரிடம் எனக்குப் பிடிக்காத சாமான் ஒன்றே ஒன்றுதான், அந்தக் காற்றுத் துவக்கு. ஞாயிறு மத்தியானங்களில் வளவின் கோடியில் பழைய கதவு ஒன்றைச் சாத்திவைத்து, அதன் முன்னால் வெறும் தகரப் பேணிகளை அடுக்கிச் சுடுவார். குண்டு தன் வளவைத் தாண்டாதவரை சட்டத்தில் குற்றமில்லை என்று எனக்கு விளக்கமும் சொல்லியிருக்கிறார். பெரிய சத்தமில்லை. 'டப்' என்று கேட்கும், பிறகு பேணி உருளும். அந்த டப்புக்கே என் மனைவியின் கையில் தேத்தண்ணிக் கோப்பை ஆடும்.

அந்தக் கோடையில் எங்கள் குடியுரிமை விண்ணப்பம், இங்கத்தைய பேச்சில் அன்ட்ராக், நகரசபையில் கிடந்தது. விசாரணைக்குக் கூப்பிட்டபோது, ஆயுதப் பயிற்சி எடுத்ததுண்டா என்று அதிகாரி கேட்டார். இல்லை என்றேன். அது சத்தியமான உண்மை. எங்கள் ஊர் மன்னாரில், சண்டைக் காலத்தில், துவக்கு வைத்திருந்தவர்களை எல்லாப் பக்கத்திலும் கண்டிருக்கிறேன், ஒன்றையும் தொட்டதில்லை. ஆனாலும் நான் பயந்தாங்கொள்ளி. உண்மையைச் சொல்லிவிட்டு வந்து நாலு நாள் நித்திரையில்லாமல் கிடந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் இறைச்சி வாட்டுகிறோம், வாருங்கள் என்று இரண்டு தடவை கூப்பிட்டும் நாங்கள் போகவில்லை. மூன்றாம் தடவையும் மறுத்தால் மரியாதையில்லை என்று சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே அவருடைய மருமகனும் இருந்தான். நகரசபையில் வேலை என்று சொன்னான். எங்கள் அன்ட்ராக் கிடக்கும் அதே இடம். எந்தப் பிரிவு என்று கேட்கவும் பயம். கேட்டால், இவன் ஏன் கேட்கிறான் என்று நினைப்பானே.

அரை மணித்தியாலம் போயிருக்கும். பேணிகளை அடுக்கத் தொடங்கினார்கள். மனைவி என் காதோடு, "எனக்குத் தலையிடிக்குது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டை போறன். நீங்கள் இருந்திட்டு வாங்கோ" என்றாள். அறைக்குள் போய்ப் படுப்பாள் என்று நினைத்தேன்.

பிறகு துவக்கு என் கைக்கு வந்தது. வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்ற கேள்வி வரும் என்று வாங்கினேன். பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரையும் எங்களுக்குப் பின்னால் நிறுத்தினார். மிளகளவு ஈயக் குண்டு ஒன்றைப் போட்டு, அடிப்பகுதியைத் தோளில் வை, மூச்சைப் பிடி என்று சொல்லித் தந்தார். இரண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டு விசையை இழுத்தேன். கண்ணைத் திறந்தால் நடுப்பேணியைக் காணவில்லை.

எல்லோரும் கை தட்டினார்கள். "முதல் தடவையா? நம்பமாட்டேன். எங்கே பழகினீர்கள்?" என்று மருமகன் சிரித்தான். பகிடிதான். ஆனாலும் "இல்லை, சத்தியமாக இல்லை" என்று தேவைக்கு மேலாகவே சொன்னேன். சொல்லச் சொல்ல அது பொய்போல என் காதுக்கே கேட்டது. கிழவர் அடுத்த குண்டைப் போட்டார். மருமகன் தன் புதுக் கமராவை எடுத்தான். துவக்கும் கையுமாக நான் நிற்கும் படம் ஒன்று என் கோப்புக்குள் போய்ச் சேருவதை அந்த இடத்திலேயே கண்டேன்.

இந்தச் சூடு தவற வேண்டும் என்று முடிவெடுத்தேன். கொஞ்சம் தவறினால் நடிப்பென்று நினைப்பார்கள். கதவில் பட்டாலும் கிட்டப் போய்விட்டது என்பார்கள். ஒருவனுக்கும் சந்தேகம் வராதபடி மகா மோசமாகத் தவற வேண்டும். குழலைக் கதவுக்கு இடப்பக்கம் திருப்பினேன். அங்கே வேலிதான். வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் வளவு, அங்கே ஒருவருமில்லை. இந்தத் தடவை கண்ணை நன்றாகத் திறந்துவைத்துக்கொண்டு இழுத்தேன்.

வேலிக்கு அப்பால் பிளாஸ்டிக் வெடிக்கும் சத்தம் கேட்டது. மனைவியின் "ஐயோ!" கேட்டது. மகளின் வீரிடல் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை வெளியில் உடுப்புக் காயப்போடுவது ஒழுங்கில்லை. ஒருவரும் வாய்திறந்து சொன்னதில்லை. எதிர்வீட்டு அம்மா ஒருமுறை எங்கள் கொடியைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார், அது போதும். ஆனால் கிழமையில் ஆறு நாளும் துப்புரவு வேலைக்குப் போகிறவளுக்கு வேறு நாள் ஏது? அதனால் ஒருவர் கண்ணிலும் படாத இடமாக, வேலியோடு ஒட்டி ஒரு கொடி தாழக் கட்டியிருந்தோம். கட்டியது நான்தான். ஞாயிறில் உடுப்புக் காயப்போடக்கூடாது, துவக்குச் சுடலாம் என்று பகிடி பண்ணியதும் நான்தான். அந்தக் கொடி அந்த நேரத்தில் என் நினைவுக்கு வரவேயில்லை.

படலை வழியாகச் சுற்றி எங்கள் வளவுக்கு ஓடினேன். படுக்கை விரிப்பொன்று பாதி கொடியிலும் பாதி புல்லிலுமாகக் கிடந்தது. அதன் பக்கத்தில் மனைவி குப்புறக் கிடந்தாள். அவளுக்குக் கீழே மகளின் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. ஒன்றும் அசையவில்லை. ஆண்டவரே, கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பிறகு ஒரு கால் உதைத்தது. "அம்மா, மூச்சுவிட ஏலாமல் கிடக்குது."

மனைவி எழும்பவில்லை. தோளைத் தொட்டேன். அவள் இன்னும் நிலத்தோடு அழுந்தி, என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். "நிக்காதேங்கோ! படுங்கோ, படுங்கோ!"

நானும் பக்கத்தில் படுத்தேன். "பயப்பிடாதை. நான்தான். நான்தான் சுட்டனான்" என்றேன். அவள் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

மகளின் முழங்கால் உரசியதைத் தவிர ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ஸ்டூலில் இருந்த, உடுப்புக் கிளிப்புகள் போடும் பிளாஸ்டிக் வாளி பிளந்திருந்தது. ஈயக் குண்டு கிளிப்புகளுக்குள் கிடந்தது. மகள் அந்த ஸ்டூலருகே நின்றுதான் தாய்க்குக் கிளிப் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். வாளி அவளுடைய கண்ணுயரத்தில் இருந்தது. பார்க்காமல் விட்டிருக்கலாம், பார்த்துவிட்டேன்.

கிழவர் முகம் வெளுத்துப்போய் வந்து, பிழை தன்னுடையது என்று திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். அதன்பிறகு அந்த வளவில் டப் கேட்கவில்லை. மருமகன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நீங்கள் துவக்கைத் தொட்டதேயில்லை என்று இப்போது நூறு வீதம் நம்புகிறேன்" என்றான். நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. அவனுக்கு நகரசபையில் பூங்கா மரம் வெட்டும் பிரிவில் வேலை என்று பிறகு அறிந்தேன்.

பின்னேரம் மகளின் முழங்காலுக்குப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்த மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் சூடு தற்செயலாகப் பட்டதையும் இரண்டாவதை வேண்டுமென்றே தவறவிட்டதையும் ஒளிக்கவில்லை. அவள் பிளாஸ்டரின் ஓரங்களை விரலால் அழுத்தி முடித்தாள்.

"நீங்கள் துவக்குத் தொடேல்லை எண்டு எனக்குத் தெரியும்" என்றாள். "அது போதாதோ உங்களுக்கு?"

மகளை விளையாட அனுப்பிவிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னாள்.

"ஊரிலை நாங்கள் ஆரோ சுட்டதுக்குப் படுத்தனாங்கள். இண்டைக்கு நீங்கள் சுட்டதுக்குப் படுத்தனாங்கள்."