மாலைப் புகழில் எதிர்ப்பக்கம்

ஆனிமேரி அக்காவிடம் பொறுமை மருந்துக்கும் கிடையாது. தல்லாகுளத்தில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட். வேலை முடிந்ததும் ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு, மாலைப் புகழ் என்கிற சாயங்கால செபம் சொல்ல மாதா கோயிலுக்கு வந்துவிடுவார். பேரையூரிலிருந்து எங்கள் கோயில் பங்குக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

மாலைப் புகழில் பைபிளின் திருப்பாடல்களை இரண்டு பக்கமாக உட்கார்ந்து, ஒரு பத்தி இவர்கள், அடுத்த பத்தி அவர்கள் என்று மாறி மாறிச் சொல்ல வேண்டும். பெண்கள் பக்கம் அக்காவின் குரல்தான். நானும் இன்னும் சிலரும் பின்னால் முணுமுணுப்போம். ஆண்கள் பக்கம் லாசர் அண்ணன் ஒருவரே, ஓய்வுபெற்ற தபால்காரர். எங்கள் பங்கு ஆண்களுக்குச் சரியாக அந்த நேரத்தில்தான் டீ குடிக்க வேண்டியிருக்கிறது!

லாசர் அண்ணன் ஒவ்வொரு சொல்லையும் மென்று விழுங்குவார். அவர் முடிப்பதற்குள் அக்கா தன் பத்திக்குள் பாய்ந்துவிடுவார். வாசலில் தினமும் சண்டை.

"அண்ணே, எம்புட்டு நேரம் இழுப்பீக?"

"ஆண்டவர் எங்கயும் ஓடிப்போக மாட்டாரு, தாயி."

போன வருடம் அண்ணனுக்குத் தொண்டையில் புற்றுநோய். ஆபரேஷனில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். வீடு திரும்பியதும் பார்க்கப் போனோம். அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இனிமே செபத்துக்குப் போய் என்ன பண்ணங்கிறாரு. எழுதிக் காட்டுறாரு."

"அதெல்லாம் முடியாது. நாளைக்கு நீங்க வந்துதான் ஆகணும்ணே," என்று அதட்டினார் அக்கா.

மறுநாள் அண்ணன் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். வழக்கமான பெஞ்சில், ஒதுங்கினாற்போல் உட்கார்ந்தார். அக்கா முதல் பத்தியைச் சொன்னார். அடுத்தது அண்ணனுடையது. உதடுகள் அசைந்தன, சத்தமே இல்லை. பாவம், சங்கடப்படுவாரே என்று ஜெய்சன் ஃபாதர் அந்தப் பத்தியைத் தானே வாசிக்கத் தொடங்கினார்.

அக்கா கையை உயர்த்தினார்.

"பொறுங்க ஃபாதர். அண்ணே சொல்லிக்கிட்டு இருக்காரு."

ஃபாதர் நிறுத்திக்கொண்டார். எப்போதும் புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்காத அக்கா, அண்ணனின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் கொஞ்சமும் அவசரப்படவில்லை. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

முடித்துவிட்டு நிமிர்ந்து, உன் முறை என்று தலையசைத்தார் அண்ணன். அக்காவுக்குக் குரல் எழும்பவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எதிர்ப்பக்கத்தில் அண்ணன் காத்திருந்தார்.