மகளின் கல்லீரலில் ஒரு நீர்க்கட்டி

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. சாப்பிட உட்கார்ந்தால் நாலு வாய்க்கு மேல் இறங்காது. வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவாள். அஜீரணம் என்று கஷாயம் போட்டுக் கொடுத்தேன். ஒருநாள் குளிப்பாட்டும்போது அந்த இடம் புடைப்பாகக் கைக்குத் தட்டுப்பட்டது. ஈரத் தலையோடு அவளைக் கடலூருக்கு அழைத்துப் போனேன்.

ஸ்கேன் எடுத்தவர், கல்லீரலில் பெரிய நீர்க்கட்டி இருக்கிறது, சிதம்பரத்துக்குப் போங்கள் என்றார். கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் என் கணவர் ஒடுங்கிப்போனார். குடிகாடு பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் அவருக்கு வேலை. வேலைக்குக் கிட்டத்தில் இருக்கட்டும் என்று கல்யாணமான புதிதிலேயே அங்கே வீடு பார்த்தவர் அவர்தான்.

"நான்தான் அந்தக் காத்துல கொண்டாந்து வெச்சேன். அது புள்ள வயித்துல ஏறிக்கிச்சு" என்றார். நான் மறுக்கவில்லை. எனக்கும் அதே எண்ணம்தான்.

சிதம்பரத்தில் குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்யும் டாக்டரம்மா, ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனையையும் பார்த்துவிட்டு, வீட்டில் நாய் உண்டா என்று கேட்டார்.

"தெரு நாய் ஒண்ணு மேடம். இவதான் சோறு வெப்பா. கட்டிப் புடிச்சுக்குவா."

"கறிக்கடைக் கழிவெல்லாம் திங்குமா?"

"திங்கும்."

கழிவிலிருந்து நாயின் குடலுக்குப் போகும் ஒரு புழு, அதன் முட்டை ரோமத்தில் ஒட்டிக் குழந்தையின் கைக்கு வருவது, வாய்வழியாகப் போய்க் கல்லீரலில் தங்கி நீர்ப்பையாக வளர்வது எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார்.

"கம்பெனிப் புகையால இல்லீங்களா?" என்று கணவர் கேட்டார்.

"இது புகையால வர்றதில்லைங்க."

இன்னொரு முறையும் கேட்டார். அதே பதில். வெளியே வந்து, வண்டிகள் நிற்கும் இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

சில வாரம் மாத்திரை கொடுத்த பிறகுதான் ஆபரேஷன் என்றார்கள். "வயித்தப் பெருசா கிழிக்க வேணாம். சின்னச் சின்னத் துளை போட்டு, ஒண்ணு வழியா கேமரா விட்டு உள்ள பாத்துக்கிட்டே செய்வோம். ஆனா கட்டியில இருக்கிற தண்ணி சிந்தக் கூடாது. சிந்தினா உயிருக்கே ஆபத்தாகலாம், மறுபடியும் கட்டி வரலாம். முடியலைன்னா திறந்துதான் ஆவணும்" என்றார் டாக்டரம்மா. எதையும் மறைக்காமல் சொன்னதால்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

கேட்டுக்கொண்டே இருந்த மகள், "நாய அடிச்சிருவாங்களா?" என்றாள்.

"எதுக்கு? அதுக்கும் மாத்திரை இருக்கு" என்றார் அவர்.

ஆபரேஷன் அன்று காலையில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றோம். வேறு யாருக்கோ அழைப்பு வரும், மறுபடி உட்காருவோம். கடைசியில் டாக்டரம்மாவே வந்தார். துளை வழியாகவே முடிந்துவிட்டது, சிந்தவில்லை என்றார். உள்ளிருந்து எடுத்ததை ஒரு பாட்டிலில் காட்டினார். வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கருவைப் பிய்த்துப் போட்டாற்போல் இருந்தது. இத்தனை நாள் இதற்காகவா நடுங்கினோம் என்று தோன்றவில்லை. பயம் இன்னும் விடவில்லை.

அதற்குக் காரணமும் இருந்தது. ஆபரேஷனில் வயிற்றில் வைத்துவிட்ட குழாய் வழியாகப் பித்தநீர் பச்சையாகப் பையில் இறங்கியது. தானாக நிற்கும், பொறுத்திருங்கள் என்றார்கள். தையல் வலியில் கூன்போட்டு வராந்தாவில் நடப்பாள். பக்கத்தில் அந்தப் பையைத் தாழ்வாகப் பிடித்தபடி அவள் அப்பா நடப்பார். நாங்கள் பயந்ததைவிடச் சீக்கிரமே பித்தநீர் வற்றியது.

நாய்க்கு மாட்டாஸ்பத்திரியில் மருந்து வாங்கிப் போட்டோம். மகள் இப்போதும் அதற்குச் சோறு வைக்கிறாள். ஆனால் தொடுவதில்லை, நாங்கள் சொல்லாமலே கை கழுவுகிறாள். அடுத்தடுத்த ஸ்கேன்களில் கட்டி இருந்த இடம் சுருங்கிவிட்டது. இன்னும் சில வருஷம் வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

என் கணவர் மட்டும் ஷிப்ட் முடிந்து வந்தால், குளித்து உடுப்பு மாற்றிய பிறகுதான் அவளைத் தொடுகிறார். டாக்டரம்மா சொன்னது அவருக்குப் புரியாமல் இல்லை. நானும் வேண்டாம் என்று சொல்வதில்லை.