நோவைக் கேட்ட செபம்

அன்பான சகோதரங்களே, 1992ஆம் ஆண்டு என் வலது காலை எடுக்கவேண்டி வரும் என்று வைத்தியர் சொன்னார். நான் யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் தலையில் மீன் கடகம் சுமந்து வீடு வீடாக விற்பவள். கால் போனால் பிழைப்பும் போய்விடும். அழுதழுது கண்ணீரும் வற்றிவிட்டது.

வினை தொடங்கியது எங்கள் மாதா கோயில் பெருநாளில்தான். மாதாவைத் தெருத்தெருவாகக் கொண்டுபோகும் சுற்றுப்பிரகாரத்தில் வெறுங்காலோடு நடப்பது என் நேர்த்திக்கடன். அன்று வெயிலில் தார் றோட்டு கொதித்தது. மற்றவர்கள் துள்ளித் துள்ளி நடந்தார்கள். எனக்கு மட்டும் சுடவேயில்லை. மாதா என்னைத் தாங்குகிறார் என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். சில நாட்களில் குதிக்கால் கொப்பளித்துப் புண்ணாகி நாறியது. அப்போதும் நோகவில்லை.

ஆஸ்பத்திரியில் என் சலத்தை, அதுதான் சிறுநீரை, கண்ணாடிக் குழாயில் எடுத்து, நீல மருந்தோடு சேர்த்துச் சூடாக்கினார்கள். அது செங்கல் நிறமாக மாறியது.

"அம்மா, உங்களுக்குக் கடுமையான சீனி வருத்தம், நீரிழிவு. அதாலைதான் கால் விறைச்சுப் போச்சு" என்றார் வைத்தியர்.

அந்த மனிதரை நினைத்தால் இப்போதும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். அது போர்க்காலம். மின்சாரம் இல்லை. மருந்து வருவதே அருமை. பழந்துணியை அவித்துக் காயவைத்துக் கட்டுப்போட்டார். கிடைத்த இன்சுலின் குப்பியை ஈரமணல் சட்டிக்குள் புதைத்துக் கண்போலக் காத்தார். தினமும் செத்த சதையை வெட்டிக்கொண்டே, "நோகுதோ?" என்று கேட்பார். "இல்லை" என்பேன். அவர் முகம் வாடிவிடும்.

"நோவு வாற இடத்திலைதான் உயிருள்ள சதை இருக்கு. அது கிடைக்காட்டிக் காலை எடுக்கத்தான் வேணும்" என்றார்.

என் கணவர் சவிரிமுத்து கட்டிலடியில் முழந்தாளிட்டார். கடலில் கூப்பிட்டுப் பழகிய குரல். வாட்டில் படுத்திருந்த எல்லாருக்கும் கேட்டது.

"மாதாவே, இவளுக்கு நோவைக் குடு தாயே! நல்லா நோகவேணும்!"

"அண்ணைக்குக் கனநாள் கோபம் போலை கிடக்கு" என்று பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். அழுதுகொண்டிருந்த எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் காலை கத்தி பட்டதும் உயிர் போகிற நோவு. "ஐயோ, என்ரை அம்மா!" என்று கத்தினேன். இரத்தம் கசிந்தது.

"கத்துங்கோ அம்மா, நல்லாக் கத்துங்கோ! கால் தப்பியிட்டுது!" என்று வைத்தியர் சிரித்தார். கதவடியில் நின்ற என் கணவர் விம்மி விம்மி அழுதார். என் வாழ்நாளில் அப்படி நான் மாதாவுக்கு நன்றி சொன்னதில்லை.

புண் மெதுவாக ஆறியது. இப்போது ஊசி தவறுவதில்லை. தேநீருக்குச் சீனி இல்லை. தினமும் என் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பது கணவரின் வேலை. "இஞ்சாரப்பா, மீனின்ரை செவுளைப் பாக்கிற மாதிரி உன்ரை காலைப் பாக்கவேண்டிக் கிடக்கு" என்பார்.

சகோதரங்களே, மாதாவை நம்புங்கள். கால் விறைத்தால் சலத்தையும் சோதியுங்கள். அந்த வைத்தியரின் கையையும் மாதாதான் அனுப்பினார். என் நேர்த்தியைப் பற்றிப் பங்குச் சுவாமியிடம் கேட்டபோது, "இனிச் செருப்போடை நடக்கிறதுதான் உம்மடை நேர்த்தி" என்றார். இப்போது சுற்றுப்பிரகாரத்தில் செருப்போடு நடப்பவள் நான் ஒருத்திதான். யாராவது முகம் சுளித்தால், "இது மாதா திருப்பித் தந்த கால், கவனமாக் கொண்டு போறன்" என்று சொல்லிவிட்டு நடப்பேன்.