ஏலக்காய் குடோனில் ஒரு கடைசிப் பாட்டு

போன வாரம் அல்லிநகரத்தில் ஒரு மொபைல் கடை. ரீசார்ஜ் செய்யப் போனால், கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் யாரோ தொண்டை கிழியக் கத்துகிறார்கள். யார்? அடியேன்தான்... இருபது வருஷத்துக்கு முந்தைய அடியேன்! எங்கள் கேசட்டை யாரோ எம்பி3 ஆக்கியிருக்கிறார்கள்.

ஆமாம் சார், நான் ஒரு ஹார்ட் ராக் பேண்டில் பாடியவன். என் மனைவியே இன்னும் நம்பவில்லை.

"கடைசிப் பாட்டு மட்டும் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கேண்ணே, எந்த ஸ்டுடியோ?" என்றார் கடைக்காரர், பாடியது நான்தான் என்று சொன்னதும்.

ஸ்டுடியோவா? கம்பத்தில் ஓர் ஏலக்காய் குடோன்!

டிரம்ஸ் வாசித்த நசீரின் அப்பா — அவன் 'அத்தா' என்பான் — ஏலக்காய் வியாபாரி. விலை ஏறட்டும் என்று கூரை வரை மூட்டை அடுக்கி வைத்திருப்பார். அந்த மூட்டைகளுக்கு நடுவே எவ்வளவு ஓங்கி அடித்தாலும் எதிரொலியே வராது. எங்கள் இரண்டாவது ஆல்பத்தை அங்கேதான் பதிவு செய்தோம். அதுவே கடைசி என்பதும் தெரியும் — நசீருக்கு சவுதி விசா வந்துவிட்டது.

கிடார் வாசித்த ராயப்பன்பட்டி சேவியருக்கு அதில் பயங்கரக் கோபம். பாதியில் விட்டுவிட்டு ஓடுகிறான் என்று நசீரிடம் பேச்சையே நிறுத்திவிட்டான். ஒரே அறையில் இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு வாசிப்பார்கள். "அவன மெதுவா அடிக்கச் சொல்லுலே" என்பான் சேவியர். "அவன மொதல்ல டியூன் பண்ணச் சொல்லுலே" என்பான் நசீர். நடுவில் நான் தபால்காரன். இப்படியே பிரிந்துவிடுவார்களோ என்று எனக்கு உள்ளுக்குள் ரொம்பப் பயம்.

நசீர் கிளம்ப இரண்டே நாள். பாக்கி ஒரு பாட்டு. காலையில் போய்ப் பார்த்தால் — குடோன் காலி! மூட்டையெல்லாம் லாரி ஏறிவிட்டது.

"வெல ஏறிருச்சுப்பா. ஒங்க பாட்டுக்காக இன்னும் எத்தன நாள் வச்சிருக்க?" என்றார் அத்தா.

வேறு இடம் தேட நேரமில்லை. வாசித்தோம். ஒரு அடி அடித்தால் நாலு சுவரிலும் மோதி நாலு அடியாகத் திரும்பி வந்தது. தாளம் காதுக்குப் பிடிபடவே இல்லை. இரண்டு முறை குழம்பி நிறுத்தினோம். காதை நம்ப முடியாவிட்டால் என்ன செய்வது? கண்ணால் பார்த்துத்தான் வாசிக்கணும்.

சேவியர் மெல்லத் திரும்பினான். நசீரும் தலையை நிமிர்த்தினான். ஒருவன் கையை ஒருவன் பார்த்து, எதிரொலி அடங்கும்வரை காத்திருந்து, அடுத்த அடி... பாதிப் பாட்டில் இருவரும் சிரித்துவிட்டார்கள். எனக்குத்தான் குரல் உடைந்தது.

முடிந்ததும் சேவியர்தான் முதலில் பேசினான். "ஏலே, இன்னொரு டேக் எடுப்பமா?"

"வேணாம்லே," என்றான் நசீர். "நல்லா முடிஞ்சிருச்சு."

நசீர் சவுதிக்குக் கிளம்பியபோது, பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் வைத்தது சேவியர். பேண்டு அதோடு கலைந்தது. எனக்கு அதில் துளிக்கூட வருத்தமில்லை.

பிரிய வேண்டியவர்கள் தாராளமாகப் பிரியட்டும் சார்... முகத்தைப் பார்த்துக்கொண்டு பிரியட்டும்!