கடைசி அத்தியாயத்தைப் படிக்காத ஸ்டெல்லா

பதினாறு வயதுப் பிள்ளைகளோடு பேசிப் பிழைக்கும் என்னைப் போன்ற மனநல ஆலோசகர்களுக்கெல்லாம் ஒரே தலையெழுத்து: என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்ல மிஸ்" என்றுதான் பதில் வரும். அதனால் நான் நாவல் கொடுத்துவிடுவேன், வளர்ந்து ஆளாகும் பிள்ளைகளின் கதைகளாகப் பார்த்து. கதையில் வருகிறவளைப் பற்றி மட்டுமே பேசுவோம். "உனக்கு எப்படி?" என்று கேட்கவே மாட்டேன்.

எந்தப் பரீட்சைக்கு?

வாரம் முழுக்க எனக்கு விழுப்புரத்தில் வேலை, சனிக்கிழமை மட்டும் திண்டிவனத்தில். ஸ்டெல்லா (பெயரை மாற்றியிருக்கிறேன்) திண்டிவனத்தில் என்னிடம் வந்தவள். அம்மா வீட்டு வேலைக்குக் குவைத் போய் ஐந்து வருஷம். கொஞ்ச நாளாக அம்மா கூப்பிட்டால் இவள் போனை எடுப்பதில்லை. ஆட்டோ ஓட்டும் அப்பாதான் அழைத்துவந்தார். மாத்திரை கொடுப்பேன் என்று நினைத்திருப்பார், பாவம். தாயைப் பிரிந்து வளரும் ஒரு சிறுமியின் நாவலைக் கொடுத்தேன். அப்பா அதை வாங்கி முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

"இது எந்த எக்ஸாமுக்கு மேடம்?"

கொட்டகையில் ஒளிந்தவள்

அந்த நாவலில் அம்மா ஒருமுறை ஊருக்கு வரும்போது சிறுமி மாட்டுக்கொட்டகையில் ஒளிந்துகொள்வாள். அவளுக்கு அம்மா மேல் கோபமா என்று ஸ்டெல்லாவைக் கேட்டேன். ஜன்னலைப் பார்த்தபடி ஒரு பதில் சொன்னாள். அது அந்த நாவலின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

"கோவம் இல்ல மிஸ். கொரல கேட்டா அழுதுடுவா. இவ அழுதுக்கினே பேசுனா, அங்க அவங்க எப்பிடி வேல செய்வாங்க?"

ஒரு அத்தியாயம் பாக்கி

எல்லாவற்றையும் படித்தவள் கடைசி அத்தியாயத்தை மட்டும் தொடவில்லை. இரண்டு சனிக்கிழமை பொறுத்துப் பார்த்தேன். அதற்கு மேல் தாங்காமல், கதைச் சிறுமியை விட்டுவிட்டு ஏன் முடிக்கவில்லை என்று இவளையே நேராகக் கேட்டுவிட்டேன்.

"முடிச்சா அவ வளந்துடுவா மிஸ். எங்கம்மா குவைத் போவசொல்ல, அப்ப நான் ரெட்டை ஜடை. இப்ப அவங்க ஒயரம் இருக்கேன். திரும்பி வந்து யாரைத் தேடுவாங்க?"

குவைத்திலிருந்து

அவள் சம்மதத்தோடு, அவளை எதிரே வைத்துக்கொண்டே, அப்பாவின் போனில் அம்மாவைக் கூப்பிட்டு இதை அப்படியே சொன்னேன். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த பாத்திரச் சத்தம் நின்றது. இந்த ஏக்கத்துக்கு நான் படித்த படிப்பில் மருந்து இல்லை. மருந்தை அந்த அம்மாவே சொன்னார்.

"முடிக்கச் சொல்லுங்க மேடம். எவ்ளோ வளந்தாலும் எம்பொண்ணை எனக்குத் தெரியாதா? அந்தக் கடைசிப் பாடத்தை எனக்கும் போன்லயே படிச்சிக் காட்டச் சொல்லுங்க."

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் ஸ்டெல்லா அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறாளாம், அதுவும் வாரத்துக்கு ஒரே ஒரு பக்கம். இந்த வேகத்தில் என் புத்தகம் திரும்பி வருவதற்குள் அந்த அம்மாவே வந்து சேர்ந்துவிடுவார்.