வெப்பப் போர்வையின் தையல்

விண்கலம் தரைக்குத் திரும்பும் வழியில் வானிலேயே சிதறியது. ஏறிப் போன நால்வரும் மீளவில்லை. மறுநாளே ஊரில் ஆளுக்கொரு காரணம் இருந்தது. எரிபொருள் என்றார் முடிதிருத்துபவர். சதி என்றார் பால்காரர். மூன்றாம் நாள் வயலொன்றில் கலத்தின் வெப்பப் போர்வையிலிருந்து கருகிய துண்டு ஒன்று அகப்பட்டது. அதன் ஓரத்தில் விரல் நீளத்துக்கு நூல் தொங்கும் படம் எல்லாருடைய கைப்பேசியிலும் ஏறியது. அதன்பின் ஊருக்கே காரணம் ஒன்றுதான்: தையல் விட்டுப்போச்சு.

அந்தத் தையலைப் போட்டவள் நகலக்கா. எந்தத் தாள் கைக்கு வந்தாலும் நகல் எடுத்து வைப்பதால் வந்த பெயர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். கலத்தின் உடம்பைச் சூட்டிலிருந்து காக்கும் போர்வையைத் தைக்கும் வேலையை, கையேடுகளை எழுத்துக்கூட்டிப் படித்துத் தானே கற்றவள்.

"அண்ணி, இது உங்க நூலா?" கொழுந்தன் படத்தை நீட்டினான்.

"என் நூல்தான். முடிச்சுக்கு அப்புறம் அவ்வளவு மிச்சம் விடணும்னு விதி."

"அதை டிவிக்காரன்கிட்ட போய்ச் சொல்லுங்களேன்! அங்க ஒருத்தன் உங்க பக்கத்துல உக்காந்து ஊசி கோத்துக் குடுத்த மாதிரி பேசறான்."

"அவன்கிட்ட தாள் இருக்கா?"

"வாய் இருக்கே அண்ணி."

சிரித்தாள், அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. விசாரணை முடியும்வரை தையற்கூடத்துக்கு வர வேண்டாம் என்று கடிதம் வந்திருந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு கேள்வி அவளை அறுத்துக்கொண்டிருந்தது: ஒருவேளை என் கைதானோ?

ஒவ்வொரு போர்வையையும் தைத்து முடித்ததும் அதே ஊசியில், அதே நூலில் சாண் அகல மாதிரி ஒன்று தைத்து, அன்றே இழுத்துச் சோதிப்பது கூடத்தின் வழக்கம். அவள் இரண்டு தைப்பாள். இரண்டாவதில் போர்வையின் எண்ணும் தேதியும் எழுதி, மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கி அலமாரியில் வைப்பாள். "நீங்க கலத்துக்குத் தைக்கிறீங்களா, அலமாரிக்குத் தைக்கிறீங்களாம்மா?" என்று அலுத்துக்கொண்டே அவர் போட்டுக் கொடுப்பார்.

பத்தொன்பதாம் நாள் விசாரணைக் குழு அழைத்தது. வயலில் கிடைத்த துண்டின் எண் இருநூற்றுப் பன்னிரண்டு. கூடத்து அலமாரியைத் திறக்கச் சொல்லி, அதே எண்ணுள்ள மாதிரியை எடுத்து மேசைமேல் வைத்தாள். உலையில் வாட்டி, இயந்திரத்தில் மாட்டி இழுத்தார்கள். எல்லாரும் அளவுமுள்ளைப் பார்க்க, அவள் தையலையே பார்த்தாள். துணி கிழிந்தது. தையல் நின்றது.

"உங்க தையல் காரணம் இல்லம்மா," என்றார் குழுத் தலைவர்.

"அப்போ எது சார்?"

"இன்னும் தெரியல."

"அதையும் எழுதிக் குடுங்க சார். நகல் வேணும்."

மறுவாரம் வேலைக்குத் திரும்பினாள். உணவறையில் துணி வெட்டும் பிரிவுப் பெண் காதோரம் வந்தாள். முன்பு தையலைப் பழித்த அதே வாய். "விஷயம் தெரியுமாக்கா? வால்வாம்! அதை மாட்டின பிட்டர் சரியா முறுக்கலையாம்!"

"குழுத் தலைவருக்கே தெரியலையாம். உனக்கு மட்டும் தந்தி வந்துதா?"

மூலை மேசையில் பிட்டர் தனியாக உட்கார்ந்திருந்தார். நகலக்கா தட்டோடு போய் அவர் எதிரே அமர்ந்தாள்.

"முறுக்கினதுக்குத் தாள் வச்சிருக்கீங்களா அண்ணே?"

"எல்லாம் ஆபீஸ்ல வாங்கிட்டாங்கம்மா."

"நகல்?"

அவர் இல்லையென்று தலையை அசைத்தார்.

"முதல்ல சாப்பிடுங்க. நகல் கேட்டு மனு எழுதணும், அதுக்கு நேரம் பிடிக்கும்."