மாடிவீட்டு அனிமோன்

பல்செட் செய்கிற பட்டறையில் வேலை என்பதால் தெருவில் அவளுக்குப் பல்செட் அக்கா என்றே பெயர். மெழுகில் ஒவ்வொரு பல்லாக நிறுத்தி, முன்பின் தெரியாத யாரோ ஒருவர் வாய்க்குப் பொருந்தும்வரை தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பொறுமையை வைத்துத்தான் கூடத்து மூலையில் உப்புத்தண்ணீர்த் தொட்டி ஒன்றை வருஷக்கணக்காகக் காப்பாற்றி வந்தாள். அதில் ஒரு சோடி கோமாளி மீன், பாறைமேல் ஓர் அனிமோன். கடல் சாமந்தி என்றும் அதைச் சொல்வார்கள். பார்க்கப் பூ, உண்மையில் விலங்கு.

கோமாளி மீன்கள் அனிமோனுக்குள் புகுந்து குடித்தனம் நடத்தும் என்பார்கள். இவள் வீட்டுச் சோடியோ அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பம்புக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டது.

கொழுந்தனுக்குக் கல்யாணமாகி, ஓரகத்தி மாடிவீட்டுக்குக் குடிவந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனைக்கு நிற்பவள், சிரித்த முகம். அக்காவின் தொட்டியைப் பார்த்து ஆசைப்பட்டுத் தானும் ஒன்று வாங்கினாள். ஊதா நுனி வைத்த அனிமோன், சாப்பாட்டுத் தட்டு அகலம். விட்ட அன்றே அவள் மீன்கள் அதற்குள் புகுந்து படுத்துக்கொண்டன. அதன்பிறகு வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு நேரே மாடிக்கு ஏறினார்கள். கணவனும்கூட, தம்பியிடம் பேசப்போகிறேன் என்று போய்த் தொட்டிமுன் உட்கார்ந்திருந்தான். பல்செட் அக்காவுக்கு வயிறு எரிந்தது. படித்துப் படித்து வளர்த்தவள் இவள், சும்மா தண்ணீரில் போட்டவள் அவள்.

அப்படியிருக்க, ஒருநாள் பட்டறையிலிருந்து வந்தவளை ஓரகத்தி படியிலேயே மறித்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

"அக்கா, அது வாயைப் பொளந்துக்கிட்டுக் கிடக்கு. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

போய்ப் பார்த்தாள். ஊதா நுனிகளெல்லாம் சுருங்கி, காற்றுப்போன பை மாதிரி தொங்கியது. வாய் திறந்தபடி பழுப்பாக எதையோ கக்கியது. பாறையில் பிடிப்பில்லை. மனசுக்குள் முதலில் எழுந்தது இரக்கமல்ல, குளிர்ச்சி. 'இது தேறாது, எடுத்துக் கொட்டிடு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம்பிவிடுவாள். சொல்ல வாயெடுத்தவள் என்ன நினைத்தாளோ, "வாளி கொண்டா" என்றாள். அது செத்தால் தண்ணீர் முழுக்கக் கெட்டு மீன்களும் சாகும் என்று ஓரகத்தியிடம் காரணம் சொன்னாள்.

கீழே தன் வீட்டுத் துணி துவைக்கும் அறையில் மணலோ பாறையோ இல்லாத வெறும் கண்ணாடித் தொட்டி ஒன்றைத் தனியாக வைத்தாள். அனிமோனை உறிஞ்சிவிடாதபடி பம்பின் வாயில் பஞ்சு கட்டினாள். வளர்ப்புமீன் கடைக்காரர் சொன்ன ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துக் கரைத்தாள். வெளிச்சத்தில் மருந்து வீரியம் இழக்கும் என்று துணி போட்டு மூடினாள். மறுநாள் பழைய தண்ணீர் முழுவதையும் கொட்டி, அதே உப்பும் அதே சூடுமாகப் புதுத்தண்ணீர், மறுபடி மருந்து. தினமும் இதே வேலை. வலையும் வாளியும் தனி. கையை முழங்கைவரை கழுவாமல் கூடத்துத் தொட்டிப் பக்கம் போகமாட்டாள். கணவன், காய்ச்சலில் கிடந்தபோது தனக்கு இந்தக் கவனிப்பு கிடைக்கவில்லையே என்றான். அவள் காதில் வாங்கவில்லை.

அனிமோன் சிலநாள் ஊதும், மறுபடி சுருங்கும். பிறகு ஒரு காலையில் வாய் இறுக மூடியிருந்தது. அடிப்பாகம் கண்ணாடியைக் கவ்விக்கொண்டிருந்தது. தொட்டால் விரலில் ஒட்டியது.

தேறிவிட்டது என்று அவள் மாடிக்குச் சொல்லவில்லை.

ஓரகத்தி கேட்டபோதெல்லாம் இன்னும் கொஞ்சநாள் தனியாக வைத்துப் பார்க்கவேண்டும் என்றாள். அது பொய்யுமில்லை. ஆனால் அந்தக் கொஞ்சநாளும் முடிந்து, அதற்கு மேலும் ஆயிற்று. ஒரு மத்தியானம் அதை மெல்லப் பெயர்த்துத் தன் தொட்டியிலேயே விட்டாள். சாயங்காலத்துக்குள் அவளுடைய மீன்கள் இரண்டும் அதற்குள் புகுந்து புரண்டன. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவள், எழுந்திருக்க மனமில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே வந்த ஓரகத்தி தொட்டியையும் அக்காவையும் மாறிமாறிப் பார்த்தாள். பல்செட் அக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா. என்கிட்ட இருந்தா மறுபடி கெடுத்துடுவேன்."

குத்திக்காட்டிச் சொன்னதாகவும் தெரியவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கணவன், தம்பி பெண்டாட்டிக்கு என்ன மனசு என்று வியந்தான். மாமியாரும் போனில் அதையேதான் சொன்னாராம். உழைத்தது இவள், பெயர் அவளுக்கு. அனிமோன் போனாலும் பரவாயில்லை, இந்தப் பெயரை அவளிடம் விட்டுவைக்க இவளால் முடியவில்லை.

மறுநாள் வேலைக்கு லீவு சொன்னாள். அனிமோனை அதே வாளியில் வைத்து மாடிக்குத் தூக்கிப்போய், பாறையில் தானே பொருத்தினாள். பம்பின் வேகத்தைக் குறைத்தாள்.

"அடிக்கடி தண்ணிய நான் வந்து பார்க்கறேன். நீ உள்ள கைய விடாத," என்றாள்.

ஓரகத்தி அவள் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தப் பிடியிலிருந்து கையை எப்படி எடுப்பது என்று அக்காவுக்குத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் வழக்கம்போல் மாடிக்குப் போனார்கள். ஓரகத்தி ஓடிவந்து அக்காவையும் மேலே இழுத்துப் போனாள். எல்லோர் முன்னாலும் நிறுத்தி, இவங்கதான் இதைச் சாவிலிருந்து மீட்ட டாக்டர் என்றாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், கேள்வி கேட்டார்கள். பல்செட் அக்காவுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அதையும் ஓரகத்தி கொடுத்ததாக ஆகிவிட்டதே என்பதுதான் பிடிக்கவில்லை.